உள்ளே இன்னும் புதன்கிழமை

ஒரு கணினியிடம் மணி கேட்டால் அது சொல்லும். எந்தக் கணினி சொன்னது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மேசையில் இருப்பதே ஒன்றுதான், இதில் எந்தக் கணினி என்று என்ன கேள்வி என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்தக் கரையோரத்து அலுவலகங்களில் கணினி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். எப்படி இன்ஸ்டோல் செய்வது, எப்படி பெக்கப் எடுப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் தேடிப் படித்துக்கொள்வீர்கள். என் வாய் கொஞ்சம் பொல்லாதது என்று உங்கள் காதில் முன்பே போட்டிருப்பார்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல், நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். கடலில் நின்ற இரண்டு பேரின் உயிர் அதில் தொங்கியது.

கல்முனைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு சிறிய கட்டடத்தில் ஒரு மீனவர் சங்கம். பெயர் வேண்டாம். ஓய்வுபெறும்வரை அங்கேதான் வேலை செய்தேன். சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் கையடக்கமான ஒரு பெட்டி பூட்டியிருந்தோம். கால் மணிக்கு ஒருமுறை அது, தான் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் எங்களுக்கு அனுப்பும். நேரத்தை வானத்துச் செய்மதியிலிருந்து எடுப்பதால் பெட்டி சொல்லும் மணியில் பிழை வராது. அந்தச் செய்திகளை வாங்கிப் பட்டியல் போடுவதற்கு அலுவலகத்தில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சிறிய நிரல், ஓடியது. இன்ன படகு, இன்ன இடம், பெட்டி கடைசியாகப் பேசி எவ்வளவு நேரம் என்று வரிக்கு வரி காட்டும். ஒரு பெட்டி மூன்று மணித்தியாலம் பேசாமல் இருந்தால் அந்த வரி சிவப்பாகும். சிவப்பானால் தேடிப் போக வேண்டும்.

அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் எனக்கு முன் அங்கே இருந்த மனிதர். பழைய யுனிக்ஸ்காரர். அதிகம் பேசமாட்டார். வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் அன்று, குடையை விரித்தபடி வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னார்.

"தங்கச்சி, இத எந்த வீட்டில குடி வெச்சாலும் வேல செய்யும். வீடு மாறினா மட்டும், வீட்டுக்காரன் எப்பிடிப்பட்ட ஆளெண்டு ஒருக்கா பாத்துக்கங்க."

நான் தலையாட்டினேன். விளங்கியவள் போலத் தலையாட்டுவதில் எனக்குத் தேர்ச்சி அதிகம்.

சில வருடங்களில் ஸ்கிரிப்ட் ஓடிய பழைய சேர்வரை உப்புக் காற்று தின்று முடித்தது. சங்கம் ஒரு லெப்டொப் வாங்கித் தந்தது. கடிதம் அடிக்கவும் வேண்டும் என்பதால் விண்டோஸ்தான் வேண்டுமென்றார்கள். ஸ்கிரிப்டைத் திரும்ப எழுத எனக்குச் சோம்பல். விண்டோஸுக்குள்ளேயே, ஸ்கிரிப்டுக்குப் பழக்கமான லினக்ஸ் ஒன்றைத் தனிக் கணினிபோலப் போட்டு, விண்டோஸின் கட்டளைத் திரையில் ஒரு வரி அடித்தால் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ஓடும்படி செய்துவிட்டேன். ஓரெழுத்துக்கூட மாற்றவில்லை. அதற்குத் தான் இடம் மாறியதே தெரியாது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

இதை நீங்கள் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்குள் ஜன்னல் இல்லாத ஒரு அறை. அதில் ஒருவர் குடியிருக்கிறார். நீங்கள் வெளியே நின்று கதவைத் தட்டி ஒரு வேலை சொல்கிறீர்கள். அவர் அதைச் செய்து கதவிடுக்கால் காகிதத்தை நீட்டுகிறார். காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். அவருடைய அறையில் இரவா பகலா என்று நீங்கள் ஒருநாளும் கேட்பதில்லை.

அந்த லெப்டொப்பில் இருந்து வேலை செய்தவன் அஸ்மி. முப்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நல்ல வேலைக்காரன். ஆனால் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதும் கிரிக்கெட் பார்ப்பான். அது எனக்குப் பொறுக்காது. ஒருநாள் கோபத்தில் அலுவலகத்துக்கே ஒரு சட்டம் போட்டேன்.

"பாங்கு கேட்டா லெப்டொப் மூடிய மூடிடுங்க தம்பி. நாம தொழுதிட்டு வாற வரைக்கும் அதுவும் சும்மா கிடக்கட்டும்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. மதியம் லுஹருக்கு மூடுவான். சாப்பாடும் முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் திறப்பான். பின்னேரம் அஸருக்கு அரை மணித்தியாலம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இரண்டரை மணித்தியாலம். இரவில் மட்டும் திறந்தபடி ஓட விடுவோம். மூடியைத் திறந்ததும் சில விநாடிகளில் பட்டியல் வந்துவிடும், ஒன்றும் நடக்காததுபோல. அஸ்மியும் மாறிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம். ஒன்றரை மாதம் இப்படிப் போனது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதற்கு முந்திய வருடம் ஒரு வரி சிவப்பானது. நான் பதறிப்போய்த் தலைவரிடம் ஓடினேன். மூன்று படகுகள் வலையை அப்படியே விட்டுவிட்டுத் தேடிப் போயின. போய்ப் பார்த்தால் அந்த மனிதர் நடுக்கடலில் சோறு ஆக்கிக்கொண்டிருக்கிறார். பெட்டியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டதில் செய்தி வெளியே போகவில்லை, அவ்வளவுதான். தேத்தண்ணிக் கடைகளில் ஒரு மாதத்துக்கு என் தலைதான் உருண்டது. எனக்கோ ரோசம் அதிகம். இனிப் பட்டியல் என்ன சொல்கிறதோ அதைத்தான் சொல்வேன், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டேன் என்று வைராக்கியம் எடுத்துக்கொண்டேன்.

அந்த வைராக்கியத்தோடுதான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஹாஜறாவுக்குப் பதில் சொன்னேன்.

ஹாஜறா, சங்கத்துப் படகோட்டி றிஸ்வானின் மனைவி. நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷனை மச்சான் என்பாள், என்னை அக்கா முறையில் ராத்தா என்பாள். வியாழன் விடியும்போதே, சுபஹோடு, றிஸ்வானும் அவளுடைய தம்பி சிபானும் கடலுக்குப் போயிருந்தார்கள். வெள்ளி விடியற்காலையில் கரைக்கு வந்திருக்க வேண்டும்.

"மச்சான் இன்னும் வரல்ல ராத்தா. பெட்டி கதைக்குதா எண்டு ஒருக்கா பாருங்க."

லெப்டொப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். றிஸ்வானின் படகுக்கு நேரே, வரியின் கடைசியில், 'இப்போது' என்று இருந்தது.

"பாத்தீங்களா, இப்பதான் கதைச்சிரிக்கி. மீன் பட்டிரிக்கும் புள்ள. இழுத்து முடிச்சிட்டு வருவாங்க."

அவள் சிரித்தாள். ஆனாலும் போகாமல் நின்றாள்.

"தம்பி கடலுக்குப் போற ஆள் இல்ல ராத்தா. அவன் தறியில இரிந்தவன். மச்சானோட போற ஆளுக்குக் காய்ச்சல் எண்டு, நான்தான் அவன ஒரு நாளைக்குப் போடா எண்டு அனுப்பின."

"அதுக்கென்ன, கடலையும் ஒருக்கா பாத்திட்டு வரட்டுமே," என்றேன்.

ஜும்ஆ முடிந்து அஸ்மி மூடியைத் திறக்கும்போது அவள் திரும்ப வந்தாள். பட்டியல் வந்தது. 'இப்போது'. அஸருக்குப் பிறகு மூன்றாம் தரம் வந்தாள். 'இப்போது'. ஒரு நாள் பிந்துவது படகுகளுக்குப் புதிதல்ல. அவளுடைய முகம் வாடியிருந்ததைப் பார்த்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

"வீட்ட போய் நிம்மதியாப் படுங்க. பெட்டி கதைக்குது எண்டா ஆள் இரிக்கி எண்டு அர்த்தம். நான் சொல்லுறன் தானே," என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் இதுதான் பெரியது. பொய் என்று தெரியாமல் சொன்னதால் அது சின்னதாகிவிடாது.

சனிக்கிழமை காலை பத்தரை மணியிருக்கும். ஹாஜறா வந்தாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. நான் பட்டியலை எடுத்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"இப்பதான் கதைச்சிரிக்கி எண்டு சொல்லப்போறீங்க."

"ஓம், இங்க பாருங்க..."

"நேத்துக் காலையிலயும் இப்பதான். ஜும்ஆவுக்குப் பொறகும் இப்பதான். அஸருக்குப் பொறகும் இப்பதான். கால் மணிக்கு ஒருக்காத்தான் பெட்டி கதைக்கும் எண்டு நீங்கதான் ராத்தா எல்லாருக்கும் சொல்லித் தந்தீங்க. நான் வாற நேரமெல்லாம் பாத்து அது எப்பிடி இப்பதான் கதைக்கும்? ஒரு தரமாவது பத்து நிமிசத்துக்கு முந்தி எண்டு வரோணுமே."

அவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நான் சான்றிதழ்களைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தவள்.

பட்டியல் முழுவதையும் அன்றுதான் மேலிருந்து கீழே வாசித்தேன். அத்தனை படகுக்கு நேரேயும் 'இப்போது'. ஐந்து நிமிடம் என்று ஒன்றில்லை, கால் மணி என்று ஒன்றில்லை. இத்தனை நாளும் இந்த ஒரு சொல்லைப் பார்த்து, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று திருப்திப்பட்டிருக்கிறேன். இடத்தைக் காட்டும் எண்களைப் பார்த்தேன். றிஸ்வானின் வரியில் இருந்த எண்கள், முதல் நாள் காலையில் அஸ்மி அச்செடுத்து வைத்த தாளில் இருந்த அதே எண்கள். கடைசித் தசம இலக்கம்வரை அதே.

அப்போது பட்டியலின் நடுவில் ஒரு வரியில் என் கண் நின்றது. அந்தப் படகின் பெட்டி கடலில் இல்லை. பற்றரி ஒழுகுகிறது என்று வியாழன் பின்னேரம் அதைக் கழற்றிக் கொண்டுவந்து தந்திருந்தார்கள். என் கையாலேயே பற்றரியை எடுத்தேன். மேசை லாச்சியை இழுத்தேன். பெட்டி அதற்குள் கிடந்தது. பற்றரி பக்கத்தில் தனியாகக் கிடந்தது. திரையில் அதற்கு நேரே 'இப்போது' என்று இருந்தது.

அஸ்மி என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான்.

"ராத்தா, அப்ப இது ஆரு கதைக்கிற?" என்று கேட்டான். பிறகு வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினான்.

பகல் வெளிச்சம் நிறைந்த அறை. வெளியே கருவாடு காயப்போடும் பெண்களின் பேச்சுக் கேட்கிறது. செத்துக் கிடக்கும் ஒரு பெட்டி, நான் இப்போதுதான் பேசினேன் என்கிறது. அதே வாயால்தான் றிஸ்வானும் சிபானும் பேசினார்கள் என்று நேற்று முழுவதும் இந்தப் பட்டியல் சொல்லியிருக்கிறது.

இந்த இடத்தில் நான் செய்ததை நீங்கள் செய்யக்கூடாது. தலைவருக்குச் சொல்லவில்லை. ஈரச் சாக்கு ஞாபகம் வந்தது. முதலில் பிழையைக் கண்டுபிடிப்போம், பிறகு ஆதாரத்தோடு சொல்வோம் என்று ஸ்கிரிப்டைத் திறந்து வரி வரியாக வாசித்தேன். பத்து நிமிடம் வாசித்தேன். ஹாஜறா அந்தப் பத்து நிமிடமும் நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ட தம்பிய அதுக்குள்ளயா ராத்தா தேடுறீங்க?" என்று கேட்டாள்.

நான் எழும்பினேன். தலைவருக்கு நானே போன் எடுத்தேன்.

"றிஸ்வாண்ட படகு காணல்ல. பட்டியல் எதையும் நம்பேலாது. தேட ஆள் அனுப்புங்க."

"இந்தத் தரமும் ஈரச் சாக்கா மிஸ்?"

"இரிக்கலாம். அப்பிடி இரிந்தா நாளைக்கே என்ன வேலையால நிப்பாட்டுங்க. இப்ப படக எறக்குங்க."

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கே போய்த் தேடுவது, பெட்டி கடைசியாகப் பேசியது எப்போது என்று மட்டும் கேட்டார். அந்த எண்கள் எந்த நேரத்து எண்கள் என்று தெரிந்தால்தான் நீரோட்டம் படகை எவ்வளவு தூரம் இழுத்திருக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். அவரைத் தொடர்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் திரையின் மூலையில் மணி பார்த்தேன். சனிக்கிழமை, பத்து ஐம்பது.

பிறகு, ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த அறைக் கதவைத் தட்டி உள்ளே இருப்பவரிடமும் மணி கேட்டேன். ஒரே ஒரு சிறிய கட்டளை. பதில் உடனே வந்தது.

புதன்கிழமை. பிற்பகல் மூன்று நாற்பது.

நான் இரண்டாம் தரமும் கேட்டேன். புதன்கிழமை. மூன்று நாற்பத்தொன்று. நிதானமாக, நிமிடம் தவறாமல், உள்ளே புதன்கிழமை போய்க்கொண்டிருந்தது.

மூடியை மூடும்போது வெளியே இருக்கும் கணினி தூங்கும். எழும்பியதும் தன் மணியைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். எங்கள் லெப்டொப்பில் உள்ளே இருந்தவரை யாரும் எழுப்பி மணி சொல்லவில்லை. மூடிய கணமும் திறந்த கணமும் அவருக்கு அடுத்தடுத்த விநாடிகள். லுஹருக்கு ஒரு மணித்தியாலம், அஸருக்கு அரை, ஜும்ஆவுக்கு இரண்டரை என்று ஒன்றரை மாதமாக அவருடைய நேரத்தை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருக்கிறோம். மூன்று நாளுக்குக் கிட்டப் பின்னால் நின்றார். படகுகளிலிருந்து வந்த ஒவ்வொரு செய்தியும் அவருக்கு இன்னும் வராத நாளிலிருந்து வந்த செய்தி. தன் மணியிலிருந்து செய்தியின் மணியைக் கழித்துப் பார்த்தால் பூச்சியத்துக்குக் கீழே வரும். அப்படி வந்தால் 'இப்போது' என்று போடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. பெட்டியின் மணி சில விநாடி முந்தினாலும் பட்டியல் குழம்பக்கூடாது என்று அதை எழுதியவர் நல்ல எண்ணத்தில் போட்ட வரி அது.

றிஸ்வானும் சிபானும் கரையை விட்டது வியாழன் சுபஹுக்கு. உள்ளே இருந்தவருக்கு அந்த வியாழன் இன்னும் விடியவே இல்லை.

இதை அஸ்மிக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நேரத்தைச் சரியாக்கும் கட்டளையை அடித்தேன். ஒரு வரிதான். பட்டியல் புதிதாக வந்தது. நான்கு நிமிடம், பதினொரு நிமிடம், ஏழு நிமிடம் என்று படகுகள் ஒவ்வொன்றாகத் தங்கள் உண்மையைச் சொல்லின. லாச்சிக்குள் கிடந்த பெட்டி சிவப்பானது. றிஸ்வானின் வரி சிவப்பானது. அதன் கடைசியில் 'நாற்பத்தொரு மணித்தியாலம்' என்று இருந்தது.

ஹாஜறா அதை வாசித்தாள். அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் தலைவருக்கு எண்களைச் சொன்னேன். வியாழன் பின்னேரம் ஐந்து மணிக்குச் சற்று முன் பேசிய பெட்டி, அதன் பிறகு பேசவே இல்லை.

ஐந்து படகுகள் போயின. கடற்படைக்கும் அறிவித்தோம். நீரோட்டத்தைக் கணக்குப் பார்த்த பழைய ஆட்கள் சொன்ன திசையிலேயே, பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குச் சற்று முன், கவிழ்ந்து கிடந்த படகைக் கண்டார்கள். றிஸ்வான் தன்னைக் கயிற்றால் அதோடு கட்டிக்கொண்டு கிடந்தான். உயிர் இருந்தது. சிபான் இல்லை.

வியாழன் பின்னேரம் ஒரு அலை புரட்டியதாம். பெட்டி அப்போதே தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் இரண்டு இரவு அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். சனிக்கிழமை விடியும் நேரம் சிபான், "கை மரத்துப் போச்சு மச்சான்," என்றானாம். றிஸ்வான் திரும்பிப் பார்ப்பதற்குள் வழுகிவிட்டான். தறியில் பழகிய கை. மையித்துக் கிடைக்கவில்லை. மருதமுனையில் உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுதார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹாஜறா முதல் தரம் வந்தபோது இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் தரமும், மூன்றாம் தரமும் இருந்தார்கள்.

ஸ்கிரிப்டை எழுதியவருக்குப் போனில் சொன்னேன். "அந்த 'இப்போது' நான் போட்டது தங்கச்சி," என்றார். வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த வரியை எடுத்துவிட்டேன். கழித்துப் பார்த்துப் பூச்சியத்துக்குக் கீழே வந்தால் இப்போது அது கத்தும். பாங்கு சொன்னால் மூடியை மூடுவதில்லை. திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தோம். ஓய்வுபெறும் நாள்வரை தினமும் காலையில், பட்டியலைத் தொடுவதற்கு முன், வெளியே ஒரு தரமும் உள்ளே ஒரு தரமும் மணி கேட்டு இரண்டையும் ஒரு கொப்பியில் எழுதினேன். எல்லா வரியும் நல்ல செய்தி சொல்லும் நாளில் நான் எழும்பிப் போய் லாச்சியைத் திறந்து பார்ப்பேன். அஸ்மி சிரிக்கமாட்டான்.

பெட்டிகளில் வந்த பிழையால்தான் பட்டியல் குழம்பியது என்று சங்கத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அங்கே உண்மை எனக்கும் அஸ்மிக்கும்தான் தெரியும். ஹாஜறா அன்று அறையில் இருந்தாலும், நாங்கள் பேசியது அவளுக்கு விளங்கியிருக்காது. அப்படியே விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. பத்து நாள் கழித்து அவளுடைய வீட்டுக்குப் போனேன். றிஸ்வான் உள்ளே படுத்திருந்தான். கையில் காயம் இன்னும் ஆறவில்லை. குசினியில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை மூடச் சொன்னது நான், பட்டியலை வாசிக்காதது நான், தலைவருக்குச் சொல்லாமல் பத்து நிமிடம் இருந்ததும் நான் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஏசுவாள் என்று போனேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவள் யோசித்தாள்.

"அப்ப அதுக்குள்ள புதன்கிழமையா ராத்தா?"

"ஓம்."

"அப்ப என்ட தம்பி அதுக்குள்ள இன்னும் போகல்ல. மருதமுனையில தறியிலதான் இரிந்திரிக்கான்."

"ஓம் புள்ள."

"நீங்க நேரத்த சரியாக்கிற வரைக்கும்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழும்பி அதை இறக்கி வைத்தாள். எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பையை என் கையில் தரும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வெள்ளி ராவு நான் நல்லா நித்திரை கொண்டன் ராத்தா. நீங்க சொன்னதால."